ஒரே லயம், நான்கு சங்கம்

இலங்கையில் ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதே 1935 இல் ஐக்கிய அமெரிக்காவிலும் ஒரு சட்டம் வந்தது. வாக்னர் சட்டம் என்பார்கள். அதன் வழி வேறு. ஒரு தொழிற்கூடத்தில் தொழிலாளர்கள் வாக்களிப்பார்கள். பெரும்பான்மை எந்தச் சங்கத்துக்கோ அந்தச் சங்கமே அங்குள்ள எல்லோருக்காகவும் முதலாளியிடம் பேசும். தோற்ற சங்கம் மூட்டை கட்ட வேண்டியதுதான். இரண்டு சட்டங்களும் நடைமுறைக்கு வந்து தொண்ணூறு வருடமாகிவிட்டது. ஒரே சங்கம் என்று சட்டம் சேர்த்து வைத்த அமெரிக்கத் தொழிலாளி இன்று நவம்பர் தேர்தல் வந்தால் பக்கத்து இயந்திரத்தில் நிற்பவனோடு பேச விரும்புவதில்லை. ஏழு பேருக்கு ஒரு சங்கம் என்று சட்டம் பிரித்து விட்ட மலையகத்தில், வட்டகொடைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், நான்கு சங்கத்துக்காரர்கள் இருப்பார்கள். சாவு விழுந்தால் நான்கு பேரும் சேர்ந்துதான் பாடை கட்டுவார்கள்.

பிளவுபட்ட அமெரிக்காவைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாகக் கருத்து மோதலைப் பற்றி எழுதுவார்கள்: துப்பாக்கி, கருக்கலைப்பு, குடியேற்றம். மலையகத்தின் சங்கப் பிளவை அப்படிப் படிக்கப் போனால் ஒன்றும் கிடைக்காது. சேவல் சின்னத்துக்கும் மண்வெட்டிச் சின்னத்துக்கும் இடையில் என்ன கொள்கை வேறுபாடு என்று ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் கேட்டால் சிரிப்பார். ஆனாலும் பிளவு உண்மையானது. எழுபது வருடமாகத் தோட்டத்தின் அன்றாடத்தை ஆண்டு வருகிறது. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் இங்கே விசாரிக்க வேண்டியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாக்குரிமை பறிக்கப்பட்ட மக்கள், தங்களுக்கு மிச்சமிருந்த ஒரே தேர்வை, அதாவது எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுவது என்ற தேர்வை, தங்கள் அரசியலாக ஆக்கிக்கொண்டார்கள்.

வட்டகொடை, தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் நடுவே ஒரு ரயில் நிலையமும் சிறு பஜாரும் கொண்ட இடம். சுற்றிலும் தேயிலை. அந்தப் பக்கத்து மடக்கொம்பரைத் தோட்டத்தில்தான் 1914 இல் சி. வி. வேலுப்பிள்ளை பிறந்தார். மலையக இலக்கியத்தின் மூத்தவர் என்று அவரைக் கொண்டாடுகிறோம். அவருடைய அரசியல் வாழ்க்கையை அந்த அளவுக்குப் பேசுவதில்லை. ஆனால் மலையகம் உடைந்த கதையை ஒரே ஆளின் வாழ்வில் பார்க்க வேண்டுமென்றால் அவரைத்தான் பார்க்க வேண்டும்.

1939 ஜூலையில் நேரு கொழும்புக்கு வந்தபோது இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவானது. அதற்கு முன்பே, 1931 இல், தஞ்சாவூர்க்காரரான கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சம்மேளனத்தை அமைத்திருந்தார். பெரிய கங்காணியின் பிடியிலிருந்து தொழிலாளியை முதலில் பிரித்தெடுக்க முயன்றவர் அவர்தான். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரால் சுடப்பட்டு இறந்தார். அந்த ஆண்டிலேயே தோட்டத்துரைமார் சங்கம், தொழிலாளருக்குச் சங்கம் வைக்கும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டு உடன்படிக்கை செய்ய நேர்ந்தது. 1947 பொதுத் தேர்தலில் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையில் வேலுப்பிள்ளையும் வென்று பாராளுமன்றம் போனார்கள். தோட்ட மக்கள் சொந்த வேட்பாளர்களை அனுப்பியதோடு நிற்கவில்லை. தங்கள் ஆள் நிற்காத தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு வாக்களித்தார்கள். டி. எஸ். சேனாநாயக்க அரசு அந்தக் கணக்கைச் சரியாகவே படித்தது.

அடுத்து நடந்தது தெரிந்த கதை. ஆனால் வரிசை முக்கியம். 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1949 இன் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் திருப்பித் தருவதுபோல் பாவனை செய்தது: 1946 ஜனவரி முதலாம் தேதிக்கு முன் மணமானவர் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததைத் தாள்களால் நிரூபிக்க வேண்டும். லயத்து அறையில் பிறந்து லயத்து அறையில் செத்தவர்களிடம் என்ன தாள் இருக்கும்? எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின; கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. அதே 1949 இல் தேர்தல் சட்டத் திருத்தம் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றியது. 1952 தேர்தலில் வேலுப்பிள்ளையின் தலவாக்கலையில், தேயிலையைப் பறித்தவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கில்லை.

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்கைத் தடுத்த முறைக்கும் இதற்கும் சாயல் உண்டு. அங்கே தலைவரி, எழுத்தறிவுச் சோதனை. இங்கே வதிவிடச் சான்று. இரண்டிலும் சட்டம் நிரூபிக்க முடியாத ஒன்றை நிரூபிக்கச் சொன்னது. ஆனால் இரு பாதைகளும் 1964 இல் எதிரெதிராகத் திரும்பின. அந்த ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சன் குடிசார் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மறுவருடம் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதே 1964 அக்டோபர் 30 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்ப்போம். பங்கு பிரிக்கப்பட்டவர்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை. பெட்டி படுக்கையோடு ரயிலேறித் தலைமன்னார் போய் இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம் இறங்கியவர்களில் பலர் அதற்கு முன் கடலைப் பார்த்ததே இல்லை.

வாக்கில்லாத இந்த இடைவெளியைத்தான் கவனிக்க வேண்டும். 1952 முதல் 1977 வரை, இருபத்தைந்து வருடம், தோட்ட மக்கள் தங்கள் வாக்கால் ஒருவரையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பவில்லை. தொண்டமான் 1960 இலும் 1965 இலும் சபைக்குப் போனது நியமன உறுப்பினராக. கிராம சபை அவர்களுக்கு இல்லை. தோட்டம் தனியார் நிலம் என்பதால் உள்ளூராட்சியின் கை அங்கே நீளவில்லை. ஒரு பிள்ளையின் பிறப்பைப் பதியவும், பொலிஸில் மாட்டிய மகனை வெளியே எடுக்கவும், பிரஜாவுரிமைப் படிவம் நிரப்பவும், வேலை நிறுத்தப்பட்டவனுக்காகத் துரையிடம் பேசவும் ஒரே ஒரு வாசல் இருந்தது: சங்கத்தின் தோட்டத் தலைவர், அவருக்கு மேல் டவுனில் சங்கக் காரியாலயம். இந்தத் தலைவரைத்தான் மக்கள் தேர்ந்தெடுக்க முடிந்தது. இவரைத்தான் மாற்றவும் முடிந்தது.

மாற்றும் வழி எளிது. தொழிலாளி ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தால் மாதா மாதம் சம்பளத்திலிருந்து சந்தாவைத் தோட்ட நிர்வாகமே பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பிவிடும். பிடிக்கவில்லையென்றால் அடுத்த சங்கத்தின் படிவத்தில் கையெழுத்து. வாக்குச்சாவடி இல்லாத ஊரில் இது ஓயாத தேர்தல். ஆனால் வாக்குச்சாவடிக்குத் திரை உண்டு, இதற்கு இல்லை. யார் எந்தச் சங்கம் என்பது சம்பளப் பட்டியலில் எழுதியிருக்கும். துரைக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று: நிர்வாகமே வசூலித்துக் கொடுப்பதால் சங்கத்துக்காரர் மாதம் ஒருமுறை லயத்துக்கு வந்து முகம் காட்ட வேண்டிய கட்டாயம் போய்விட்டது. சந்தா வருகிறதா என்று பார்க்கக் கொழும்பில் இருந்தாலே போதும். இந்த ஏற்பாட்டைத் தொழிலாளர் வெற்றி என்று எழுதும் வரலாறுகள் உண்டு. பாதி வெற்றி என்பேன்.

பிளவு முதலில் மேலே நடந்தது. 1950 இல் இலங்கை இந்தியர் காங்கிரஸின் தொழிற்சங்கம் தன் பெயரை இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று மாற்றிக்கொண்டது. தொண்டமானும் அப்துல் அஸீஸும் அதன் இரு தூண்கள். தொண்டமான் இறம்பொடை வேவண்டன் தோட்டத்தின் சொந்தக்காரர். அஸீஸ் இடதுசாரிச் சார்புள்ளவர். தலைமைப் போட்டி, கணக்கு வழக்கு, குணமோதல் எல்லாம் இருந்தன. ஆனால் சண்டைக்கு ஓர் உலக முகமும் இருந்தது. 1949 இல் உலகத் தொழிற்சங்க இயக்கம் இரண்டாக உடைந்தது. அமெரிக்க, பிரிட்டிஷ் சங்கங்கள் சோவியத் சார்பான உலகத் தொழிற்சங்க சம்மேளனத்தை விட்டு வெளியேறித் தனிச் சம்மேளனம் அமைத்தன. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மேற்கின் பக்கம் போனது. 1956 இல் அஸீஸ் தனியே தொடங்கிய ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் மற்றப் பக்கம் போனது. வோஷிங்டனுக்கும் மொஸ்கோவுக்கும் இடையிலான கோடு, இரண்டு நகரங்களின் பெயரையும் கேள்விப்படாத லயங்களின் நடுவே ஓடியது. கோடு போட்டவர்களுக்கு அது கொள்கை. கோட்டுக்குள் நின்றவர்களுக்கு அது தலைவரின் முகம்.

வேலுப்பிள்ளை என்ன செய்தார்? காங்கிரஸில் வளர்ந்தவர், பிளவுக்குப் பிறகு அங்கே நிலைக்கவில்லை. 1965 இல் வி. கே. வெள்ளையன் தொடங்கிய தொழிலாளர் தேசிய சங்கத்தில் அவரைக் காண்கிறோம். இதற்குள் ஐக்கிய தேசியக் கட்சியின் பின்பலத்தோடு தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வேர்விட்டிருந்தது. இடதுசாரிக் கட்சிகளும் ஆளுக்கொரு சங்கம் வைத்திருந்தன. 1989 இல் பெ. சந்திரசேகரன் மலையக மக்கள் முன்னணியைத் தொடங்கினார். மூத்தவர்களின் சங்க அரசியலில் சலித்த இளைஞர்கள் அவர் பின்னால் போனார்கள். 1994 இல் சந்திரிகா குமாரதுங்கவின் கூட்டணிக்குப் பாராளுமன்றப் பெரும்பான்மை ஓர் ஆசனத்தால் கிடைத்தபோது அந்த ஓர் ஆசனம் சந்திரசேகரனுடையது. அதற்கு முன்பே 1978 இல் தொண்டமான் ஜே. ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவைக்குள் போயிருந்தார். அன்றிலிருந்து சந்தாவுக்கு ஒரு புதிய பொருள் சேர்ந்தது: நம் சங்கம் என்றால் நம் அமைச்சர். கூரைத் தகடு, பாதைக்குக் கொங்கிறீட், ஆசிரியர் நியமனம், கோயிலுக்கு நன்கொடை எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். அடுத்த லயத்துக்குத் தகடு வந்து நம் லயத்துக்கு வரவில்லையென்றால் காரணம் எல்லோருக்கும் விளங்கும்.

நியூயோர்க்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் டமனி ஹோல் இதே வேலையைத்தான் செய்தது. கப்பலில் வந்திறங்கிய ஐரிஷ் ஏழைக்கு வேலை, குளிருக்கு நிலக்கரி, சாவுச் செலவு, பதிலுக்கு வாக்கு. அமெரிக்காவோடு மலையகத்தை ஒப்பிடுவதென்றால் இன்றைய அமெரிக்காவை விட அந்த அமெரிக்காதான் பொருந்தும். அங்கே அரசு நேரடியாக மக்களிடம் வரத் தொடங்கியதும் அந்த இயந்திரம் துருப்பிடித்தது. இங்கே அரசு வரவில்லை. 1987 இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை பணம் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018 இல். பிரதேச சபைக்கு வாக்களித்தவர்களுக்கு அந்தச் சபை ஒரு பாதைகூடப் போட்டுத் தர முடியாமல் முப்பது வருடம் போயிருக்கிறது. தலைவரைத் தேடிப் போனவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

இனி, இந்தப் பிளவு எதைத் தொடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் சாந்தோ ஐயங்காரும் சகாக்களும் 2012 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அமெரிக்காவில் அதிகம் பேசப்பட்டது. உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக்காரரை மணந்தால் வருத்தப்படுவீர்களா என்ற கேள்விக்கு 1960 இல் இரு கட்சிகளிலும் நூற்றுக்கு ஐந்து பேரளவில்தான் ஆம் என்றார்கள். 2010 இல் குடியரசுக் கட்சியினரில் பாதிப் பேர், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கு. கொள்கையில் விலகியதை விட மனதில் அதிகம் விலகியிருக்கிறார்கள் என்பது ஆய்வின் முடிவு. இதைத் தமிழர் படிக்கும்போது ஒன்று சட்டென்று உறைக்கும்: மணம் முடிக்கக்கூடாத ஆட்கள் என்று ஒரு கூட்டத்தைக் குறித்து வைப்பது நமக்குப் பழக்கமான வேலை, அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் சாதி.

மலையகத்தில் பெண் கேட்டு வருபவர்களிடம் எந்தச் சங்கம் என்று கேட்பதில்லை. எந்தச் சாதி என்று, வாய்விட்டோ சுற்றி வளைத்தோ, இன்றும் கேட்கிறார்கள். சங்கத்தை ஒரு கையெழுத்தில் மாற்றலாம். தேர்தலுக்குத் தேர்தல் மாற்றுகிறார்கள். மாரியம்மன் திருவிழாவில் யாருக்கு முதல் மாலை என்று சங்கத் தலைவர்கள் முறைத்துக்கொள்வதும், சில தோட்டங்களில் அது கைகலப்பு வரை போவதும் உண்டு. அடுத்த நாள் அதே ஆட்கள் ஒரே மலையில் கவ்வாத்து வெட்டுவார்கள். அமெரிக்காவில் கட்சி, இனம், மதம், வாழும் இடம் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுவிட்டன. ஒருவரின் அஞ்சல் குறியீட்டைப் பார்த்தே வாக்கைச் சொல்லிவிடலாம் என்கிறார்கள். லயத்தில் அந்த அடுக்கு இல்லை. மொழி ஒன்று, கூலி ஒன்று, அம்மன் ஒன்று, கூரை ஒழுகுவதும் ஒன்று. சாதிதான் வேறு, அதன் கோடு சங்கக் கோட்டோடு நேராக ஒத்துப்போகவில்லை. சாதியின் வன்மம் நம்மிடம் தனியாக வேலை செய்வதால் கட்சிக்கு அந்த வேலை மிஞ்சவில்லை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

சங்கக் கோடு அழிந்த நேரங்களும் உண்டு. 1977 மே மாதம், நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பங்கிட்டுக் குடியேற்றம் செய்யும் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டார்கள். டெவன் தோட்டத்தின் சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் சூட்டில் இறந்தார். யாரும் யாரிடமும் அன்று சங்கம் கேட்கவில்லை, திட்டமும் நின்றது. 2018 அக்டோபர் 24 இல் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டுக் காலிமுகத்திடலில் கறுப்பு உடையில் கூடிய மலையக இளைஞர்களும் எந்தச் சங்கத்தின் அழைப்புக்கும் காத்திருக்கவில்லை. அவர்களில் பலர் கொழும்பில் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்தவர்கள். அம்மாவின் சம்பளத்துக்காக வந்தவர்கள்.

சங்கங்களோ 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவுக்குக் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. கையெழுத்திட்ட சங்கம் வென்றோம் என்றது, கையெழுத்திடாத சங்கம் துரோகம் என்றது. இரு பக்கமும் சந்தா தொடர்ந்தது. 1999 இன் தொழிற்பிணக்குச் சட்டத் திருத்தம், தொழிலாளரில் நாற்பது சதவீதத்தை வைத்திருக்கும் சங்கத்தை முதலாளி அங்கீகரிக்க வேண்டும் என்கிறது. நல்ல நோக்கம்தான். நடைமுறையில் அது தலையெண்ணும் போட்டியைக் கூட்டியது. ஆயிரம் ரூபா கடைசியில் 2021 இல் சம்பளச் சபை வழியாக வர்த்தமானியில் வந்தது, பேரம் பேசும் மேசையில் வரவில்லை. 2024 இல் 1,350 ரூபா அடிப்படைச் சம்பளமும் வர்த்தமானியில்தான் வந்தது.

அந்த வருட நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் நுவரெலியா மாவட்டம் எட்டு ஆசனங்களில் ஐந்தைத் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தது. பழைய சங்கங்களின் தலைவர்களில் திகாம்பரமும் இராதாகிருஷ்ணனும் ஐக்கிய மக்கள் சக்திப் பட்டியலிலும், ஜீவன் தொண்டமான் ஐக்கிய தேசியக் கட்சியின் யானைச் சின்னத்திலும் வென்றார்கள். மக்கள் விடுதலை முன்னணியை நிறுவிய ரோஹண விஜேவீர 1960 களின் இறுதியில் தன் தோழர்களுக்கு எடுத்த ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. தோட்டத் தொழிலாளரை அதன் கருவியாகக் காட்டியது. அந்தக் கட்சியின் வழிவந்த கூட்டணிக்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு தோட்டங்கள் வாக்களித்திருக்கின்றன. மக்கள் மறந்துவிட்டார்கள் என்று இதை விளக்குவது சோம்பேறித்தனம். 2023 அக்டோபரில் அந்தக் கூட்டணி ஹட்டனில் மலையக மக்களுக்கென்று தனிப் பிரகடனம் வெளியிட்டது ஒரு காரணம். சந்தாக் கணக்கு அதைவிடப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். 2003 இன் சட்டத்தோடு நாடற்றவர் பிரச்சினை சட்டப்படி தீர்ந்தது; வாக்கு எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் லயத்தில் படுத்தெழும் வாக்காளர்களில் பலர் இன்று தோட்டத்தின் சம்பளப் பட்டியலில் இல்லை. கொழும்புக் கடையில், ஆடைத் தொழிற்சாலையில், மத்திய கிழக்கில், சொந்த ஓட்டோவில் இருக்கிறார்கள். அவர்கள் எந்தச் சங்கத்துக்கும் சந்தா கட்டியதே இல்லை. சந்தாவும் வாக்கும் ஒரே கையில் இருந்த காலத்தில் எழுந்த கட்டடம், இரண்டும் வேறு கைகளுக்குப் போனதும் ஆடுகிறது.

நம்பிக்கையால் பிரிந்தவர்கள் இவ்வளவு வேகமாக இடம் மாற மாட்டார்கள். அமெரிக்காவில் ஒரு சில மாநிலங்களின் சில ஆயிரம் வாக்குகளுக்காகக் கோடிக்கணக்கான டொலர் கொட்டுகிறார்கள். மலையகத்தில் ஒரு மாவட்டமே ஒரு தேர்தலில் புரண்டது. ஆனால் ஆள் மாறியதால் ஆளைப் பிடிக்கும் தேவை போய்விடவில்லை. பத்து பேர்ச் காணிக்கோ வீட்டு உறுதிக்கோ இன்னும் யாரோ ஒருவரைப் பிடித்தாக வேண்டும் என்ற நிலை நீடித்தால், புதிய பாராளுமன்ற உறுப்பினரின் காரியாலயம் பழைய சங்கக் காரியாலயமாக மாற அதிக காலம் எடுக்காது. அந்த நிலை மாறியதற்கான அறிகுறியைத் தேட வேண்டிய இடம் பாராளுமன்றம் அல்ல. 2024 இல் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் சபைக்குப் போனார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டுப் போனது அதுதான் முதல் தடவை. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் தோட்டங்களில் தலைவர் இன்னும் அநேகமாக ஆண்தான். தலைவி மாதர் அணியோடு நிற்கிறார். தராசில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் இரண்டு மூன்று கிலோவைக் கழிக்கும்போது அதைக் கேட்க வேண்டியவர் யார் என்று கேட்டால், நான்கு சங்கத்துப் பெண்களும் ஆளுக்கொரு ஆணின் பெயரைச் சொல்வார்கள். அவர்களில் ஒருவரும் அந்த நேரத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இருப்பதில்லை.